ஆப்பிரிக்கா போகிற ரிக்கும் ஆறு லீவர்களும்: ஒரு திருச்செங்கோட்டுப் பயணம்

உலகத்தை ஒரு சுற்று சுற்றி வந்தவர்கள் ஏராளமாக எழுதிவிட்டார்கள். சேலம் சூரமங்கலத்திலிருந்து திருச்செங்கோட்டுக்குப் போய், அங்கிருந்து நாமக்கல்லுக்குப் போய், உயிரோடு வீடு திரும்பியவன் எழுதிய பயணக் கட்டுரை மட்டும் இதுவரை என் கண்ணில் படவில்லை. இலக்கியத்துக்கு இருந்த அந்தப் பெருங்குறையை இன்று தீர்த்து வைக்கிறேன்.

போனது இந்தப் பிப்ரவரியில். போகவைத்தவன் என் மனைவியின் தம்பி குழந்தைவேலு. திருச்செங்கோட்டில் ரிக் கட்டும் பட்டறை வைத்திருக்கிறான். ரிக் என்றால் ஆழ்துளைக் கிணறு போடும் இயந்திரம். லாரியின் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டு ஊர் ஊராகப் போகும். இந்தியாவின் எந்த மூலையில் யார் போர் போட்டாலும், வண்டியின் பின்னால் போய் நம்பர் பலகையைப் பாருங்கள், பெரும்பாலும் எங்கள் பக்கத்து எண்தான் இருக்கும். (இதை நான் மிகைப்படுத்தவில்லை. இனி வருவதற்கெல்லாம் உத்தரவாதம் தர முடியாது.)

குழந்தைவேலுவுக்கு முதன்முதலாக வெளிநாட்டு ஆர்டர் வந்திருந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில், பிரெஞ்சு ஆட்சிமொழியாக இருக்கும் ஒரு நாடு. எந்த நாடு என்று எழுதக் கூடாதென்று எனக்குக் கட்டளை. எழுதினால் பக்கத்துப் பட்டறைக்காரர் அன்றைக்கே விமானம் ஏறிவிடுவாராம்.

அந்த நாட்டில் வலப்பக்கம் ஸ்டீயரிங் உள்ள வண்டியை இறக்குமதி செய்ய விடமாட்டார்கள். ஆகவே லாரி இல்லாமல் ரிக் மட்டும் கப்பலில் போகும். அங்கே அவர்கள் லாரியின் மேல் பூட்டிக்கொள்வார்கள். அது மட்டுமா? அங்கே வண்டிகள் சாலையின் வலப்புறம் ஓடுகின்றன. அதனால் ஆபரேட்டர் நிற்கும் மேடை, லீவர்கள் இருக்கும் பலகை எல்லாம் நம் வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம். நம்மூர் ரிக்கைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி. வாங்குகிறவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் இந்த நாட்டில் அதை ஒருவரும் தொடமாட்டார்கள். பதினான்கு பேர் ஐந்து மாதமாக வேறு வேலை எடுக்காமல் கட்டிய இயந்திரம், பட்டறை வாசலிலேயே துரு ஏறி நிற்கும்.

வாங்கும் கம்பெனியின் ஆள் புதன்கிழமை காலை நேரில் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். போட்டால் அன்று சாயங்காலமே டிரெய்லரில் ஏற்றித் துறைமுகத்துக்கு அனுப்பலாம். போடாவிட்டால் கப்பல் போய்விடும். ஆர்டரும் அதனோடு போய்விடும்.

இதில் நான் எங்கே வருகிறேன்? அந்த நாட்டில் புதிதாக ஒரு விதி. இறக்குமதியாகும் இயந்திரத்தில் ஒவ்வொரு லீவருக்கும் மேலே அது என்ன செய்யும் என்று பிரெஞ்சில் எழுதியிருக்க வேண்டும். அந்தத் தகடுகளை லேசரில் வெட்டித் தரும் கடை எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில், சூரமங்கலம் மெயின் ரோட்டில் இருக்கிறது. குழந்தைவேலு போனில் சொன்னான்: “ஏனுங்க மாமா, ரயில்வே பார்சல் ஆபீசுல அத்தன வருசம் பொட்டலத்தோட பொழப்ப ஓட்டுனவரு நீங்க. நீங்கதான் பத்தரமா கொண்டாரோணும். வேற யாரையும் நம்ப மாட்டனுங்க.”

பார்சல் துறையின் முடிசூடா மன்னனிடம் வேறெப்படிப் பேசமுடியும்? ஆறு தகடுகளையும் ஒரு பழைய துண்டில் சுற்றி, துண்டை ஒரு துணிப்பையில் போட்டு, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்குப் புறப்பட்டேன். சூரமங்கலத்திலிருந்து புதிய பஸ் நிலையத்துக்கு டவுன் பஸ், பத்து ரூபாய். அங்கிருந்து சங்ககிரி வழியாகத் திருச்செங்கோடு, நாற்பத்தெட்டு ரூபாய். தூரம் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர், நேரம் ஒன்றரை மணி. ஜன்னல் சீட்டு வேண்டுமானால் பஸ் முழுதாக நிற்கும் முன்பே துண்டை உள்ளே வீசவேண்டும். என் துண்டு பணியில் இருந்ததால் நடுச்சீட்டுதான் கிடைத்தது.

சங்ககிரி மலையைத் தாண்டியதும் சாலையின் இரண்டு பக்கமும் லாரிப் பட்டறைகள் தொடங்கும். வெல்டிங் வெளிச்சம், டயர் நெடி, பெயின்ட் நெடி. அந்தக் காற்று மூக்கில் ஏறினாலே எனக்கு வயது இருபத்திரண்டுக்கு இறங்கிவிடும். ரயில்வே வேலைக்கு எழுதிப்போட்டுவிட்டுச் சும்மா கிடந்த காலம். தூரத்து உறவான ஒருவர், பிற்பாடு எனக்கு மாமனார் ஆனவர், “சும்மா கெடக்கறதுக்கு எங்கூட வா சாமி, நாலு ஊரு பாக்கலாம்” என்று தன் ரிக்கில் சமையல்காரனாக ஏற்றிக்கொண்டார். போன ஊர் ராஜஸ்தான். அங்கே அடித்த வெயிலைப் பற்றிச் சொல்கிறேன்: கடையில் முட்டை வாங்கினால் அவித்த முட்டையாகவே இருக்கும், கோழியின் வயிற்றிலேயே வெந்துவிடும். எங்கள் நிழல்கூடப் பகலில் லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

ஆனால் வாசகர்களே, அந்தப் பயணத்தை நான் இன்றும் நினைத்துக்கொண்டிருப்பது வெயிலுக்காக அல்ல. அந்த ஓட்டத்துக்காக. அப்போது மாநிலத்துக்கு மாநிலம் செக்போஸ்ட். ஒவ்வொன்றிலும் அரைநாள் வரிசையில் நிற்கவேண்டும். நின்ற இடத்தில் ஸ்டவ்வைப் பற்றவைத்து ஒரு வேளைச் சமையலை முடித்துவிடுவேன். ஆந்திர எல்லையில் ரசம், மகாராஷ்டிர எல்லையில் தக்காளிச் சோறு, மத்தியப் பிரதேச எல்லையில் வெறும் கஞ்சி என்று என் தேசப்படத்தில் எல்லைக்கோடுகள் எல்லாம் சாப்பாட்டால் போட்டவை. முன்னால் நிற்கும் பஞ்சாப் லாரிக்காரர் ரொட்டி கொடுப்பார், நாங்கள் ஊறுகாய் கொடுப்போம். இப்போது ஒரே வரி, வரிசையும் இல்லை. பில் எல்லாம் போனிலேயே காட்டலாம். வண்டி நிற்காமல் போகிறது. வியாபாரத்துக்கு ரொம்ப நல்லது. எனக்குத்தான் வயிற்றுக்குள் ஏதோ பசிக்கிறது.

ஒன்பதே காலுக்குத் திருச்செங்கோட்டில் இறங்கினேன். ஆட்டோ எண்பது ரூபாய் கேட்டது, அறுபதுக்கு வந்தது. பட்டறை பைபாஸ் பக்கம். தூரத்திலேயே ரிக் தெரிந்தது, மஞ்சளும் சிவப்புமாக, லாரி இல்லாமல் கால்களை ஊன்றிக்கொண்டு, பல் தேய்க்கும்போது படம் எடுக்கப்பட்ட மாப்பிள்ளை மாதிரிக் கொஞ்சம் கூச்சத்தோடு நின்றது. குழந்தைவேலு ஓடிவந்து பையை வாங்கிக்கொண்டான். போர்மேன் அர்த்தனாரி ஆறு தகடுகளையும் அந்தந்த லீவருக்கு மேல் வைத்து ரிவெட் அடித்தார். ஐம்பதைத் தாண்டியவர், அதில் பாதிக்கு மேல் ரிக் மேலேயே வாழ்ந்தவர். தகடுகள் பளபளவென்று மின்னின. பிரெஞ்சு எங்கள் மூவருக்கும் தெரியாது. ஆனால் பார்வைக்கு மிகவும் படித்த மொழியாகத் தெரிந்தது.

“எப்பிடி மாமா நம்ம பிரெஞ்சு?” என்றான் குழந்தைவேலு.

“பாரிஸ்ல பொறந்து வளந்த மாதிரி இருக்குது மாப்ள. யாரு எழுதுனது?”

“நானேதானுங்க. அர்த்தனாரியண்ணன் ஆறு லீவரு பேரும் சொல்லச் சொல்லப் போன்ல அடிச்சனுங்க. ஒரு தட்டு தட்டுனன், பிரெஞ்சாயிருச்சு. அஞ்சு நிமிசங்கூட ஆகுல.”

பதினொரு மணிக்கு அவன் மகள் தாரணி வந்துசேர்ந்தாள். இன்ஜினியரிங் படித்தவள், இந்த ஆர்டரைக் கம்ப்யூட்டரில் தேடிப்பிடித்தவளும் அவளே. துறைமுகத்துக் காகித வேலைகளை முடித்துவிட்டுச் சென்னையிலிருந்து நேராக வந்திருந்தாள். அப்பனுக்கும் நான் மாமா, மகளுக்கும் நான் மாமா; எங்கள் உறவுமுறை அப்படிச் சிக்கனமானது. ரிக்கைச் சுற்றி வந்தவள் தகடுகளின் முன்னால் நின்று போனை நீட்டிப் படம் எடுத்தாள். படத்தில் இருக்கும் எழுத்தை அப்படியே தமிழாக்கிக் காட்டும் வசதி இப்போது எல்லார் போனிலும் இருக்கிறதாம். திரையைப் பார்த்தவள் போனை இன்னும் பக்கத்தில் கொண்டுபோய் மறுபடி ஒரு படம் எடுத்தாள்.

“என்ன சாமி?” என்றான் குழந்தைவேலு.

தாரணி ஒவ்வொன்றாக வாசித்தாள். “போற்று. எறக்கு. சுத்தம் செய். சாப்பாட்டுத் தட்டு. காத்திருந்து. ஆடை உடுத்து.”

கல்யாண வீட்டு நிகழ்ச்சி நிரல் மாதிரி இருந்தது. நான் சிரிக்க ஆரம்பித்தேன். “அப்பா, நீங்க போன்ல தமிழ்ல என்ன அடிச்சீங்க?” என்று கேட்டாள் தாரணி.

“லீவரு பேரத்தான் அடிச்சேன். ஏத்து, எறக்கு, சுத்து, தட்டு, காத்து, உடு.”

எங்கள் பக்கத்து ரிக்குகளில் இந்த ஆறு சொற்கள்தான் இயந்திரத்தை ஓட்டுகின்றன. ஏற்றுவது ஏத்து, இறக்குவது எறக்கு, சுற்றுவது சுத்து, சுத்தியல் அடி தட்டு, காற்று காத்து. பிடித்துவைத்த அழுத்தத்தை விடுவது உடு. எங்களுக்கு வீடு ஊடு என்றால் விடு உடுதானே! ஆனால் போனுக்குள் இருக்கும் புலவர் கொங்கு நாட்டுக்கு வந்ததே இல்லை. ஏத்து என்றால் கடவுளை ஏத்துவது, உடு என்றால் துணி உடுப்பது என்று ஏட்டுத் தமிழில் எடுத்துக்கொண்டார். எறக்கு மட்டும் அவருக்கும் எட்டவில்லை. யாரோ ஓர் ஆளின் பெயர் என்று அப்படியே விட்டிருந்தார்.

“சிரிக்காதீங்க மாமா,” என்றாள் தாரணி. “அங்க புதுசா வேலைக்கி வர்ற ஒருத்தன் இந்தத் தகட்டப் படிச்சுட்டு லீவரத் தொட்டா என்ன ஆகும்? பைப்பு எறங்குனா கை போயிருமுங்க. அதுக்குத்தான் அந்த ஊர்க்காரங்க விதி போட்டிருக்கறாங்க. நாளைக்கி வர்றவரு இதப் பாத்தா இருக்கற அத்தனையவும் சந்தேகப்படுவாரு. ‘பேரே தப்புன்னா வெல்டிங்கு எப்பிடி இருக்கும்’பாரு.”

என் சிரிப்பு பாதியில் நின்றது. குழந்தைவேலு ஒரு டயரின் மேல் உட்கார்ந்துவிட்டான். ரிக்கை ஒரு பார்வை பார்த்தான் பாருங்கள், கண்ணாடிப் பிம்பம் மாதிரித் திரும்பி நிற்கிற, வேறு யாருக்கும் விற்க முடியாத ரிக்கை. அந்தப் பார்வையில் ஐந்து மாதமும் இருந்தது.

தாரணியோடு கோவையில் படித்த தோழி ஒருத்தி புதுச்சேரிக்காரி. வீட்டில் தமிழும் பிரெஞ்சும் கலந்து பேசும் குடும்பம். அவளைப் போனில் பிடித்து, எல்லாரும் கேட்கும்படி சத்தமாக வைத்தாள். முதல் ஐந்தும் சீக்கிரம் முடிந்தன. உடு வந்தது.

“விடுன்னா? எதை விடணும்?” என்றாள் தோழி.

தாரணி அர்த்தனாரியைப் பார்த்தாள். அவர், “உடுன்னா உடறதுதாம்மிணி” என்றார்.

“அது தெரியுதுங்கண்ணா. எத உடறது?”

“புடிச்சிருக்கறத உடறது.”

“முழுசா விட்டுடணுமா?” என்று கேட்டது புதுச்சேரி.

அர்த்தனாரி பதறிப்போனார். “அய்யய்யோ, முழுசா உட்டா பைப்பு பாதாளத்துக்குப் போயிரும். கொஞ்சம் உடோணும். உட்டுட்டுப் புடிக்கோணும். மறுக்கா உடோணும். மாடு தண்ணி குடிக்கறப்ப கயித்த உடுவமல்ல, அப்பிடி.”

நான் என் பங்குக்கு, “கல்யாணமான புருசன் பொண்டாட்டி கூடப் பேசறப்ப உடுவான்ல, அப்பிடி” என்றேன். புதுச்சேரித் தோழி சிரித்தாளே தவிர என் விளக்கத்தை ஏற்கவில்லை. கடைசியில், பிடித்துவைத்த அழுத்தத்தைப் படிப்படியாகத் தளர்த்துவது என்று அவளுக்குப் புரிந்தது. அதைப் பிரெஞ்சில் அனுப்பினாள். இரண்டெழுத்துச் சொல்லுக்கு அந்த மொழியில் ஐந்து சொற்கள். தகட்டின் நீளத்தை அதிகமாக்க வேண்டியிருந்தது.

சூரமங்கலத்துக் கடையில் அன்று லேசர் இயந்திரத்துக்கு வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. நாமக்கல்லில் டேங்கர் லாரிகளுக்குத் தகடு வெட்டும் கடை ஒன்று, மாலைக்குள் தருகிறோம் என்றார்கள். குழந்தைவேலு ரிக்கை விட்டு நகரமாட்டான். தாரணிக்குக் காகித வேலை. மீண்டும் தேசம் என்னையே அழைத்தது.

பட்டறைக்கு ஆக்சிஜன் சிலிண்டர் இறக்கவந்த ‘குட்டியானை’ என்கிற சின்னச் சரக்கு வண்டி நாமக்கல் திரும்பிக்கொண்டிருந்தது. டிரைவர் செல்வராசு முன்சீட்டில் இடம் கொடுத்தார். முப்பத்தைந்து கிலோமீட்டர், ஒரு மணி நேரம், கட்டணம் வாங்க மறுத்துவிட்டார். டீயும் பஜ்ஜியும் என் செலவு, ஐம்பது ரூபாய். வழியெல்லாம் மரவள்ளிக் காடு, நீளநீளமான கோழிப்பண்ணைகள், கூரை போடாத லாரிக் கேபின்கள். ஒரு பண்ணைக்குள் இருக்கும் கோழிகள் எல்லாம் ஒரே நேரத்தில் கொட்டாவி விட்டால் கொல்லிமலை ஓர் அடி நகரும் என்று செல்வராசிடம் சொன்னேன். அவர் என்னைவிடப் பெரிய ஆள். “நகந்துச்சுங்க, போன வருசம். நாங்கதான் தள்ளி வெச்சோம்” என்றார், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

என் பையில் இருக்கும் காகிதத்தின் கதையைச் சொன்னேன்.

“எல்லாத்துக்கும் இப்ப அப்பிடித்தானுங்க,” என்றார். “எங்க சித்தப்பா முட்ட ஏத்துமதி பண்றாரு. ஒரு நாட்டுக்காரன் திடீர்னு, ‘சின்ன முட்ட வேண்டாம், பெருசுதான் வேணும்’னுட்டான். கோழிகிட்ட யாருங்க போய்ச் சொல்றது?”

“சொல்லலியா?”

“தீவனத்த மாத்திச் சொன்னாங்க. அது புரிஞ்சுக்கறதுக்குள்ள அந்த நாட்டுக்காரன் மறுபடியும் சின்னதே போதும்னுட்டானுங்க.”

நாமக்கல்லில் தகடு வரும்வரை மூன்று மணி நேரம் இருந்தது. கோட்டை நிற்கும் ஒற்றைப் பாறையை அண்ணாந்து பார்த்தபடி கமலாலயக் குளத்தங்கரையில் உட்கார்ந்திருந்தேன். ராஜஸ்தானில் இருந்து திரும்பியபோது நாங்கள் முதலில் வந்திறங்கிய ஊர் இது. ரேடியேட்டர் வேலைக்காக வண்டியை இங்கே விட்டுவிட்டு, எட்டு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக எங்கள் பாஷை காதில் விழுந்த சந்தோஷத்தில், ஒரு கடையில் வேண்டுமென்றே நான்கு முறை விலை கேட்டேன். கடைக்காரர் நான்கு முறையும் “ஆறு ரூவாய்ங்க சாமி” என்றார். பொருள் என்னவென்று இப்போது நினைவில்லை. அந்த ‘ங்க’ மட்டும் இன்னும் காதில் இருக்கிறது.

ஐந்தரைக்குத் தகடுகளை வாங்கினேன். புதுச்சேரிக்குப் படம் அனுப்பி, ஓர் எழுத்தின் தலையில் இருக்கவேண்டிய கோடு வரைக்கும் சரி என்று பதில் வந்த பிறகே கடையை விட்டு இறங்கினேன். பஸ்ஸில் திருச்செங்கோடு திரும்ப முப்பத்தைந்து ரூபாய். அன்று இரவே அர்த்தனாரி பழைய தகடுகளைக் கழற்றிப் புதியவற்றை அடித்துவிட்டார்; எனக்குக் குழந்தைவேலு வீட்டில் தங்கல்.

புதன்கிழமை பத்து மணிக்குக் கோவை விமான நிலையத்திலிருந்து கார் வந்தது. இறங்கியவர் பெயர் மூசா. நாற்பத்தைந்து வயது இருக்கும். உயரத்தைப் பற்றி என்ன சொல்ல? பட்டறைக் கதவுக்கு அன்றுதான் தான் குட்டை என்று தெரிந்தது. ரிக்குகளைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு என்று தாரணி சொன்னாள். கை குலுக்கினார். ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பேசினார். அப்புறம் வாயை மூடிக்கொண்டு வேலையில் இறங்கினார்.

ஒவ்வொரு வெல்டிங்கையும் விரலால் தடவினார். ஹோஸ்களை முறுக்கிப் பார்த்தார். கம்ப்ரசரை ஓடவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அர்த்தனாரி பின்னாலேயே போனார்; இவர் தலையாட்டினால் அவரும் தலையாட்டினார், இவர் நின்றால் அவரும் மூச்சை நிறுத்தினார். கடைசியாக மூசா மேடையில் ஏறி லீவர் பலகையின் முன்னால் நின்றார். தகடுகளைப் படித்தார். முதலிலிருந்து மறுபடியும் படித்தார். புருவம் சுருங்கியது. ஒரு தகட்டைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார், அடியில் வேறேதும் இருக்கிறதா என்பது போல.

பிறகு தாரணியிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். அவள் முகம் மாறியது.

“என்ன சாமி சொல்றாரு?” குழந்தைவேலுவின் குரல் எங்கேயோ கிணற்றுக்குள் இருந்து வந்தது.

“ஒண்ணு இல்லையாமுங்கப்பா.”

“என்ன இல்லையாம்? ஆறும் இருக்குதல்ல!”

மூசா அவனைப் பார்த்துத் திரும்பினார். வார்த்தைகளைத் தேடி எடுத்து ஒவ்வொன்றாக வைத்தார்.

“ஏனுங்க… உடு எங்கீங்க?”

கம்ப்ரசர்கூட ஒரு நொடி நின்ற மாதிரி இருந்தது. நான் கேட்டது சரிதானா என்று அர்த்தனாரியைப் பார்த்தேன்.  அவர் மெல்ல, சந்தேகத்தோடு, “ஏத்து?” என்றார். மூசாவின் கை முதல் லீவருக்குப் போனது. “எறக்கு.” இரண்டாவது லீவர். “சுத்து, தட்டு, காத்து!” கை தாவித் தாவிப் போனது, கண் தகட்டின் பக்கமே போகவில்லை. “உடு!” கடைசி லீவரைத் தொட்டுக் கொஞ்சம் விட்டார், பிடித்தார், மறுபடி கொஞ்சம் விட்டார். மாட்டுக்குக் கயிறு விடுவது அந்த நாட்டிலும் அப்படித்தான் போலிருக்கிறது.

அதன்பிறகுதான் கதை வந்தது. அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லத் தாரணி எங்களுக்குச் சொன்னாள். பல வருடங்களுக்கு முன்னால் திருச்செங்கோட்டு ரிக் ஒன்று அவர் ஊருக்கு வந்திருக்கிறது. கூடப் போனவர்கள் நம்மூர் ஆட்கள் ஆறேழு பேர். மூசா பைப் தூக்குவதற்குச் சேர்ந்தார். அவர்களுக்குப் பிரெஞ்சு தெரியாது, இவருக்குத் தமிழ் தெரியாது. இயந்திரம் போடுகிற சத்தத்தில் எந்த மொழியும் கேட்காது. கேட்டது அந்த ஆறு சொல்தான்; சாப்பாட்டு நேரத்தில் ஏனுங்க, எங்கீங்க என்று இன்னும் நாலு சொல் ஒட்டிக்கொண்டன. நம் ஆட்கள் திரும்பி வந்துவிட்டார்கள். மூசா ஆபரேட்டர் ஆனார், தன் ஊர்க்காரர்களுக்குத் தொழில் பழக்கினார், பழகியவர்கள் வேறு ரிக்குகளுக்குப் போய் மற்றவர்களுக்குப் பழக்கினார்கள். இன்றைக்கு அந்த ரிக்குகளில் ஒரு தமிழரும் இல்லை. ஆனால் ஏத்து, எறக்கு, உடு. அது தமிழ் என்பதே அங்கே பாதிப்பேருக்குத் தெரியாதாம். இயந்திரத்தின் மொழி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவர் சிக்கல் இதுதான். தகட்டில் இருக்கும் பிரெஞ்சு சரியான பிரெஞ்சு. சுங்கத்தில் விட்டுவிடுவார்கள். ஆனால் ஐந்து சொல்லை ஒருவன் படித்து முடிப்பதற்குள் பைப் இறங்கிவிடும். மேலே நிற்பவன் “உடு” என்று கத்தினால், கீழே புதிதாக வந்தவன் உடு எங்கே என்று தேடக் கூடாது. இரண்டும் வேண்டும்: மேலே சட்டத்துக்கு, கீழே கைக்கு. இல்லையென்றால் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் பேனாவை எடுக்கவில்லை.

மறுபடி நாமக்கல்லுக்கு ஓட நேரமில்லை. அர்த்தனாரி உள்ளே போய், சேஸிஸ் நம்பர் அடிக்கும் எழுத்து அச்சுகளைக் கொண்டுவந்தார். ஒவ்வோர் அச்சிலும் ஓர் ஆங்கில எழுத்து. இரும்பின் மேல் வைத்துச் சுத்தியலால் ஒரே அடி. தாரணி ஒரு துண்டுத் தாளில் உடுவுக்கு யு, டி, யு என்று மூன்று எழுத்து எழுதிக் கொடுத்தாள். மூசா தலையை ஆட்டினார். பிரெஞ்சு படித்தவன் இதை வேறு மாதிரி உச்சரிப்பானாம். யு-வுக்கு முன்னால் எல்லாம் ஓர் ஓ வேண்டுமாம். ஓ, யு, டி, ஓ, யு என்று அவரே எழுதினார். கப்பல் ஏறினால் சொல்லுக்கும் சதை போட்டுவிடுகிறது பாருங்கள்.

ஆறு சொல்லும் உகரத்தில் முடிபவை. ஓ, யு என்ற அந்த இரண்டு அச்சுகளும் அன்று வாங்கிய அடியை அதற்கு முன்னும் பின்னும் எந்த எழுத்தும் எந்த மொழியிலும் வாங்கியிருக்காது. அர்த்தனாரி அடிக்க, மூசா அச்சைப் பிடித்துக்கொள்ள, குழந்தைவேலு இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டு, “பாத்து, பாத்து” என்று ஏழாவது லீவர் மாதிரிக் கத்திக்கொண்டிருந்தான். ஒரு மணி வாக்கில் மூசா கையெழுத்துப் போட்டார். குழந்தைவேலு அவர் கையைப் பிடித்துக்கொண்டான். “சாப்படலாமுங்களா?” என்றான்.

“சாப்படலாமுங்க” என்றார் மூசா.

வியாபாரம் வளர்வதற்குத் தொழில்நுட்பம் வேண்டும், அரசாங்கக் கொள்கை வேண்டும், கைத்திறன் வேண்டும் என்று டை கட்டியவர்கள் மேடையில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் சொல்வது சரிதான். லேசர் இல்லாமல் அந்தத் தகடு இல்லை. விதி இல்லாவிட்டால் லீவருக்குப் பெயர் எழுத எங்களுக்குத் தோன்றியிருக்காது, யாரோ ஒருவன் கை போயிருக்கும். ஆனால் இந்த ஆர்டர் குழந்தைவேலுவுக்கு ஏன் வந்தது என்று சாப்பிடும்போது தாரணி கேட்டதற்கு மூசா சொன்ன காரணம் எந்த மேடையிலும் நான் கேட்காதது. விலை குறைவாக வேறு நாட்டு ரிக்குகள் கிடைத்தனவாம். “அதுக்கு எங்க ஆளுங்க புதுசாப் பேசப் பழகணும்” என்றாராம். அங்கே போய்விட்டு வந்த அந்த ஆறேழு பேர் யார் என்று விசாரித்தோம். மூசாவுக்கு அவர்கள் முழுப்பெயர் தெரியவில்லை. எல்லாரையும் ‘அண்ணா’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். இந்த ஊரில் அந்தப் பெயரில் பாதி ஊர் இருக்கிறது.

நீங்களும் இந்தப் பக்கம் வருவதாக இருந்தால் சில வார்த்தை. மார்ச்சுக்கு முன்பே வாருங்கள். அதற்கப்புறம் வெயிலை நான் மிகைப்படுத்தவே வேண்டியிருக்காது. சேலம் ஜங்ஷனில் இறங்கினால் புதிய பஸ் நிலையத்துக்கு டவுன் பஸ் நிறைய உண்டு. ஈரோட்டில் இறங்கினால் திருச்செங்கோடு இன்னும் பக்கம், இருபது கிலோமீட்டர்தான். மலைக்கோயிலுக்குப் படி ஏற முடியாதவர்களுக்கு மேலே வரை வண்டிப் பாதை இருக்கிறது. பட்டறைகளைப் பார்க்க விரும்பினால் கேட்டுவிட்டுப் போங்கள், வெல்டிங்கை வெறுங்கண்ணால் பார்க்காதீர்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள். பக்கத்துப் பட்டறை ஒற்றன் என்று நினைத்து மரியாதையாகத் துரத்துவார்கள். நாமக்கல்லில் ஆம்லெட் சாப்பிடாமல் வராதீர்கள். போனில் மொழிபெயர்ப்பவர்கள், மொழிபெயர்த்ததை ஒருமுறை திருப்பிப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

நேரம் இருந்தால் சாயங்காலம் நாலு மணிக்குப் பைபாஸ் ஓர டீக்கடை ஏதாவது ஒன்றில் நில்லுங்கள். டீ பன்னிரண்டு ரூபாய். வெளியூர் போகும் ரிக்குகள் வெயில் தாழ்ந்ததும் அந்த நேரத்தில்தான் ஒவ்வொன்றாகக் கிளம்பும். அந்தப் புதன்கிழமை நான் அங்கே நின்றேன். கிரேன் தூக்கிவைத்த ரிக்கைச் சுமந்துகொண்டு டிரெய்லர் பட்டறை வாசலுக்கு வந்து, சாலையில் ஏறத் தயங்கி நின்றது. டிரைவர் வடநாட்டுக்காரர்; பின்னால் வண்டி வருகிறதா என்று கேட்கத் தமிழ் தெரியாமல் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். குழந்தைவேலு, தாரணி, அர்த்தனாரி மூவருமே ரிக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார்களே தவிர சாலையைப் பார்க்கவில்லை. மூசாதான் நடுரோட்டுக்குப் போய், இரண்டு பக்கமும் பார்த்து, டிரெய்லரின் வயிற்றில் ஓங்கித் தட்டினார்.

என்ன கத்தினார் என்று நான் எழுதவேண்டியதில்லை. அந்த வடநாட்டு டிரைவருக்கும் அந்த இரண்டெழுத்துப் புரிந்தது.